காகிதப் பாலம்

திருநெல்வேலிக்காரர்களுக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் உண்டு. ஒன்று ஆற்றுத் தண்ணீர். மற்றொன்று, அந்த ஆற்றைத் தாண்டுவதற்குக் கட்டிய பாலம். அல்வாவை நான் இதில் சேர்க்கவில்லை. அல்வாவும் ஆற்றுத் தண்ணீர்க் கணக்கில்தான் வரும் என்று கடைக்காரர்களே சொல்லுகிறார்கள்.

எங்கள் வீடு சிந்துபூந்துறையில். பள்ளிக்கூடம் பாளையங்கோட்டையில். ஆகவே பத்து வருஷ காலம், நாள் தவறாமல் இரண்டு வேளை, சுலோசன முதலியார் பாலத்தின் மேல் நான் நடந்திருக்கிறேன். அதன் வளைவுகள் பதினொன்று என்பது எனக்கு வாய்பாட்டுக்கு முந்திய பாடம். கோடையில் மணல் திட்டில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு வளைவுக்குள் இன்னொரு வளைவு, அதற்குள் வேறொன்று என்று கண்ணாடிக்குள் கண்ணாடி போலத் தெரியும். ஒவ்வொரு வளைவும் அறுபது அடி. பாலத்தின் நீளம் எழுநூற்று அறுபது அடி. இந்தக் கணக்கையெல்லாம் சொல்லித் தந்தவர் என் சித்தப்பா. அவர் ஒரு சர்க்கார் ஆபீஸில் படம் வரையும் டிராப்ட்ஸ்மன். அவரைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

பாலத்தின் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாலம் வருவதற்கு முன்னால் திருநெல்வேலியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிறவர்கள் படகில்தான் போக வேண்டும். துறையில் கூட்டம். முதலில் ஏறுவது யார் என்று சண்டை. சண்டையில் அடிதடி, ஆற்றில் வெள்ளம் வந்தால் உயிர்ச் சேதம். ஈ. பி. தாமஸ் என்ற கலெக்டர் பாலம் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். பணத்துக்கு எங்கே போவது? ஜனங்களிடம் வசூல் செய்ய வேண்டியதுதான் என்று பேச்சு வந்தது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார், ஊர் ஜனங்களை வருத்துவானேன் என்று தம் சொத்தையே எடுத்துக் கொடுத்துவிட்டார். வீட்டம்மாளின் நகைகளும் அதில் போயின என்று எங்கள் பாட்டி சொல்லுவாள். அதைச் சொல்லும்போது அவள் கை தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். காப்டன் ஹார்ஸ்லி என்ற பட்டாளத்து இஞ்சினீயர் நின்று கட்டினார். 1843-ம் வருஷம் பாலம் திறந்தது.

லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தின் மாதிரியில் நம் பாலத்தைக் கட்டினார்கள் என்று சொல்லுவது எங்கள் ஊர் வழக்கம். அந்த வாட்டர்லூ பாலத்தை ஜான் ரென்னி என்பவர் கட்டினார். 1817-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி திறந்தார்கள். அதற்கு ஒன்பது வளைவு. ஒவ்வொன்றும் நூற்றிருபது அடி. நம்முடையதில் அதற்குச் சரிபாதி. தாமிரபருணிக்கு அறுபது போதும் என்று யாரோ சரியாகத்தான் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். தாயைக் காட்டிலும் மகளுக்கு ஆயுசு கெட்டி. ரென்னியின் பாலம் அடி மண் அரித்துத் தூண் இறங்கிப்போய், 1930-களில் அதை இடித்துவிட்டார்கள். இன்று லண்டனில் அந்த இடத்தில் இருப்பது வேறு பாலம். இரண்டாவது மகாயுத்த காலத்தில், ஆண்கள் யுத்தத்துக்குப் போய்விட்டதால், பெரும்பாலும் பெண்கள் வேலை செய்து எழுப்பியது அது. நம் பாலமோ 1869-ம் வருஷத்து வெள்ளத்தில் அடிபட்டு, பழுது பார்க்கப்பட்டு, பிற்காலத்தில் போக்குவரத்துக்காக அகலமாக்கப்பட்டு, 1992-ம் வருஷத்து வெள்ளத்தையும் 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்து வெள்ளத்தையும் பார்த்துவிட்டு, இன்னும் பஸ்ஸைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

நான் சொல்ல வந்த பாலம் இந்த இரண்டும் அல்ல. ஒருநாளும் கட்டப்படாத பாலம் ஒன்று உண்டு. வெறும் காகிதத்தில் மட்டும் நின்ற பாலம். அதன் மேல் ஒரே ஒரு மனிதன்தான் நடந்தான். நடந்து லண்டனிலிருந்து ரோமாபுரிக்குப் போய்ச் சேர்ந்தான்.

அவன் பெயர் ஜான் சோன். 1753-ம் வருஷம் தேம்ஸ் நதிக்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். தகப்பனார் செங்கல் கொத்தனார். பையனுக்குப் பதினான்கு வயதானபோது அவர் இறந்துபோனார். தமையனும் கொத்தனார்தான். தானும் அந்தக் கரண்டியைத்தான் பிடித்திருக்க வேண்டும். ஆனால் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஜார்ஜ் டான்ஸ் என்ற பெரிய கட்டடக் கலைஞரின் வீட்டில் எடுபிடியாகச் சேர்ந்து, அங்கே பென்சிலைப் பிடித்துக்கொண்டான். 1771-ல் ராயல் அகாடமி என்ற கலைச் சங்கத்தின் பள்ளியில் சேர்ந்தான். மறு வருஷமே ஒரு பழைய மாளிகையின் முகப்பை அளந்து வரைந்ததற்காக வெள்ளிப் பதக்கம் வாங்கினான்.

வெள்ளிப் பதக்கத்தில் பெருமை மட்டும்தான். தங்கப் பதக்கத்துக்குப் பின்னால்தான் விஷயம் இருக்கிறது. தங்கப் பதக்கம் பெற்றவர்களிலிருந்து ஒருவனைத் தேர்ந்தெடுத்து, ராஜாவின் செலவில் மூன்று வருஷம் இத்தாலிக்கு அனுப்புவார்கள். வருஷத்துக்கு அறுபது பவுன். போக முப்பது, வர முப்பது. பிரபுக்களின் பிள்ளைகள் தகப்பன் காசில் சாரட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்த ரோமாபுரியை, கொத்தனார் மகன் பார்ப்பதற்கு இருந்த ஒரே வாசல் இதுதான். 1774-ல் முயன்று தோற்றான். 1776-ல் மறுபடியும் போட்டி. கொடுக்கப்பட்ட பொருள், ஒரு வெற்றிப் பாலம்.

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் நடந்த ஒரு காரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. அகாடமி நண்பர்கள் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேம்ஸ் நதியில் படகில் உல்லாசமாகப் போவதென்று ஏற்பாடு செய்தார்கள். சோனும் போவதாக இருந்தது. போட்டிக்குப் படம் முடியவில்லை; கடைசியில், "நான் வரவில்லை" என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்துவிட்டான். படகு கவிழ்ந்தது. ஜேம்ஸ் கிங் என்ற நெருங்கிய தோழன் மூழ்கி இறந்தான். சோனுக்கு நீச்சல் தெரியாது.

ஆற்றங்கரையில் பிறந்தவன், ஆற்றின் மேல் ஒரு பாலத்தை வரைந்துகொண்டிருந்ததனால் ஆற்றில் சாகாமல் தப்பினான். ஒரு நாவலில் நான் இப்படி எழுதினால், "செயற்கையாக இருக்கிறதே!" என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள். சரித்திரத்துக்கு யார் கடிதம் போடுவது? தோழனுக்காக ஒரு சமாதி மண்டபத்தை வரைந்தான் சோன். அதுவும் காகிதத்திலேயே நின்றது.

1776-ம் வருஷம் டிசம்பர் மாதம் 10-ந் தேதி, சர் ஜோஷுவா ரேனால்ட்ஸ் என்ற பிரபல ஓவியர் கையினால் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனால் பிரயாணச் சம்பளம் கையோடு கிடைத்துவிடவில்லை. ஒரு முழு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் சர் வில்லியம் சேம்பர்ஸ் என்ற அரண்மனைக் கட்டடக் கலைஞர் படங்களை எடுத்துப் போய் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் காட்டினார். மன்னர் தலையசைத்தார். 1778-ம் வருஷம் மார்ச் மாதம் 18-ந் தேதி, விடியற்காலை ஐந்து மணிக்கு, சோன் லண்டனிலிருந்து புறப்பட்டான். அந்தத் தேதியைக் கடைசி வரையில் அவன் மறக்கவில்லை. சிலருக்குப் பிறந்தநாள் இருக்கிறது. சிலருக்குப் புறப்பட்ட நாள்.

அந்தப் படத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். நீண்ட தூண் வரிசைகள், குவிமாடங்கள், படிக்கட்டுகள், சிலைகள். பாலம் என்று எழுதியிருப்பதால்தான் கீழே தண்ணீர் இருப்பதைக் கவனிக்கிறோம். புத்தகத்தைச் சித்தப்பாவிடம் கொண்டுபோனேன். அப்போது அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னல, பாலமா, கோயில் பிரகாரமா? வெள்ளம் வந்தா தண்ணி எங்கன போவும்?"

"கட்டுறதுக்கு வரைஞ்சது இல்ல சித்தப்பா. போட்டிக்கு."

"அதான பாத்தேன். நல்ல கை. ஆனா ஆத்தைக் கேக்காம வரைஞ்ச கை."

"அப்ப அவனுக்கு இருபத்து மூணு வயசு கூட முழுசா ஆகல்லே."

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, பக்கத்தை விரலால் தடவினார்.

பாரிஸ் வழியாகப் போனான் சோன். அங்கே பெரொனே என்ற பெரிய பாலக்காரரைப் பார்த்தான். பிரான்ஸ் தேசத்துப் பாலக் கலாசாலையின் தலைவர் அவர். மே மாதம் 2-ந் தேதி ரோமாபுரி. பிறகு ஒரே அளவு நாடாவும் ஏணியும் நோட்டுப் புத்தகமுமாக இரண்டு வருஷம். கொலோசியத்தை அளந்தான், பாந்தியன் கோயிலை அளந்தான், டிவோலி என்ற மலையூரில் அருவிக்கு மேலே நிற்கும் வட்டமான சிறு கோயிலை அளந்தான். சிசிலித் தீவுக்கும் மால்ட்டாவுக்கும் போனான். அந்தப் பிரயாணத்தில் தோழர்களாகக் கிடைத்த பணக்காரப் பிள்ளைகளில் ஒருவர் ரோலண்டு பர்டன். இருவரும் ஆயுள் முழுவதும் சிநேகிதர்களாக இருந்தார்கள். இந்த பர்டன் பிற்காலத்தில் சண்டர்லாந்து என்ற ஊரில் 1796-ல் ஒரே வளைவாக ஓர் இரும்புப் பாலத்தை எழுப்பினார். சோனின் ஜாதகத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாலம் குறுக்கே வருகிறது.

பரிசும் பிரயாணமும் மட்டும் இருந்தால் கதை இனிப்பாக முடிந்திருக்கும். பிஷப் ஒருவர் வந்தார். அயர்லாந்தில் டெர்ரி என்ற ஊருக்கு பிஷப். பிரெடரிக் ஹார்வி என்று பெயர். பெரும் பணக்காரர்; கட்டடப் பைத்தியம்; வாக்குறுதி கொடுப்பதில் கர்ணன். "உனக்கு நான் மாளிகைகள் தருகிறேன், கோயில்கள் தருகிறேன்" என்கிற ரீதியில் பேசினார். நாய்களுக்குக்கூட ஒரு மாளிகை வரைந்து கொடுக்கச் சொன்னார். சோன் அதையும் சிரத்தையாக வரைந்தான். கிரேக்கத் தூண்கள் வைத்த நாய்க் கொட்டகை! பிஷப் அயர்லாந்துக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று வருஷச் சம்பளத்தில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போதே, 1780-ம் வருஷம் ஏப்ரலில் சோன் ரோமாபுரியை விட்டுப் புறப்பட்டான்.

திரும்பும் வழியில் சுவிட்சர்லாந்தில், தச்சு வேலைக் குடும்பத்தைச் சேர்ந்த குரூபென்மன் சகோதரர்கள் கட்டிய மரப் பாலங்களைத் தேடித் தேடிப் பார்த்தான். அந்த வழியில்தான் அது நடந்தது. வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த டிரங்குப் பெட்டியின் அடிப்பலகை கழன்று, உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாகப் பாதையில் விழுந்துகொண்டே வந்திருக்கின்றன. புத்தகங்கள், படங்கள், கருவிகள், துணிமணிகள். வெள்ளிப் பதக்கம். தங்கப் பதக்கம். எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

அயர்லாந்தில் பிஷப்பின் மாளிகையில் ஒரு மாதத்துக்கு மேல் தங்கி அறை அறையாக அளந்து வரைந்தான். பிஷப்பின் மனம் மாறிவிட்டது. ஒரு வேலையும் இல்லை என்று ஆயிற்று. இருபத்தேழாவது வயதில், நூற்றிருபது பவுன் கடனோடு, பதக்கமும் இல்லாமல், சோன் லண்டனுக்கு வந்து சேர்ந்தான்.

அப்புறம் மெதுவாக மேலே வந்த கதை பல புத்தகங்களில் இருக்கிறது. அதில் எனக்கு அவ்வளவு சுவாரசியம் இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் பழகிய பணக்காரச் சிநேகிதர்கள் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார்கள். 1788-ல் இங்கிலாந்து பாங்கியின் கட்டடக் கலைஞராக நியமனம் கிடைத்தது. நாற்பத்தைந்து வருஷம் அந்த வேலையில் இருந்து, பாங்கியை ஒரு சிறு பட்டணமாகவே கட்டி எழுப்பினார். இனிமேல் அவரை 'அவன்' என்று சொல்லுவது மரியாதை இல்லை. பாங்கியின் வடமேற்கு மூலையில் ஒரு வளைந்த முகப்பு வைத்தார். டிவோலி மலையில் ஏணி வைத்து அளந்த அந்த வட்டக் கோயில்தான் அது. அறுபது பவுன் சம்பளம் என்ன ஆயிற்று என்று ராஜா கேட்டிருந்தால், அந்த மூலையைக் காட்டியிருக்கலாம்.

பிற்காலத்தில், 1925-ம் வருஷத்துக்குப் பிறகு, அந்தப் பாங்கியின் உட்பகுதியை அநேகமாக முழுவதும் இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். வெளிச் சுவரும் அந்த டிவோலி மூலையும்தான் மிஞ்சின. புதிதாகக் கட்டியவர் ஹெர்பர்ட் பேக்கர். புது டில்லியில் தலைமைச் செயலகக் கட்டடங்களையும் வட்டமான பார்லிமெண்டுக் கட்டடத்தையும் கட்டியவர். நம் பணத்தில் கை பழகிக்கொண்டு போய் அங்கே இடித்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. போகட்டும்.

சோனின் கதையைப் படிக்கிறவர்கள், திறமை இருந்தால் போட்டி கைதூக்கிவிடும் என்று நினைக்கக்கூடும். அப்படி நினைப்பதற்கு முன்னால் ஜோசப் காண்டியைப் பார்க்க வேண்டும்.

காண்டியின் தகப்பனார் லண்டனில் பிரபுக்கள் சீட்டாடும் ஒரு கிளப்பில் பரிசாரகர். பையன் கெட்டிக்காரன். 1790-ம் வருஷம் அதே ராயல் அகாடமியில் அதே தங்கப் பதக்கத்தை வாங்கினான். சோனுக்கு வெற்றிப் பாலம். காண்டிக்கு வெற்றி வளைவு. கிளப்பின் சொந்தக்காரர் மனமிரங்கித் தம் செலவில் பையனை ரோமாபுரிக்கு அனுப்பினார். 1794-ல் போனான். மூன்று வருஷம் ஆவதற்குள் கிளப் சொந்தக்காரர் திவாலாகிவிட்டார். கையில் காசில்லாமல் அந்நிய தேசத்தில் நின்ற காண்டி, எப்படியோ ஊர் வந்து சேர்ந்தான். வேலை இல்லை. கடைசியில் சோனின் ஆபீஸில் படம் வரையச் சேர்ந்தான்.

ஆயுள் முழுவதும் அவன் வரைந்தது பெரும்பாலும் சோனின் கட்டடங்களைத்தான். வெளிச்சமும் நிழலும் அவனைப் போல் வரைந்தவர் இல்லை என்கிறார்கள். சோனின் பாங்கி ஆயிரம் வருஷம் கழித்து இடிந்து கிடந்தால் எப்படி இருக்கும் என்று 1830-ல் ஒரு படம் போட்டான். ரோமாபுரி இடிபாடு போலவே இருக்கிறது. அது ஆயிரம் வருஷம் காத்திருக்கவில்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன். தனக்கென்று அவன் கட்டியவை மிகச் சில. கடனுக்காகச் சிறைக்குப் போனான். கடைசியில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அது 1843-ம் வருஷம். திருநெல்வேலியில் சுலோசன முதலியார் பாலம் திறந்த அதே வருஷம். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வருஷத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவு வருகின்றன.

அதே பதக்கம், அதே ரோமாபுரி. ஒருவருக்கு ராஜா சம்பளம் கொடுத்தார். மற்றவனுக்குச் சீட்டாட்டக் கிளப் கொடுத்தது. வித்தியாசம் அவ்வளவுதானா என்றால், அவ்வளவுதான் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சோனுக்கு மனிதர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது. காண்டிக்கு அது வரவே இல்லை. இதை எந்தப் போட்டியில் சோதித்துப் பார்க்க முடியும்?

பிரான்ஸ் தேசத்தில் இந்த ஏற்பாடு இன்னும் பழையது. பதினான்காம் லூயி மன்னர் காலத்திலேயே, 1666-ல், ரோமாபுரியில் ஒரு கலாசாலை வைத்துவிட்டார்கள். 1720 முதல் கட்டடக் கலைக்கும் ரோமாபுரிப் பரிசு உண்டு. போட்டி கடுமை. பையன்களைத் தனித் தனி அறையில் விட்டு, ஒரு நாளைக்குள் குறிப்புப் படம் போடச் செய்வார்கள். கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் பிறகு மாதக் கணக்கில் பெரிய படம் வரையலாம். ஆனால் அந்த முதல் குறிப்பை விட்டு விலகக் கூடாது. முதல் நாள் புத்தி எப்படிப் போயிற்றோ அதற்கே கடைசி வரையில் கட்டுப்பட வேண்டும். எங்கள் தொழிலில் இப்படி ஒரு சட்டம் இருந்தால், தொடர்கதை எழுதுகிறவர்கள் ஒருவர்கூடத் தேற மாட்டார்கள். 1968-ல் மாணவர் கிளர்ச்சிக்குப் பின் அந்தப் பரிசை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ராட்ச் குடும்பத்தார் 1883-ல் ஒரு பிரயாணப் பரிசு வைத்தார்கள். அதை 1889-ல் வென்று ஐரோப்பா போய் வந்த ஹென்றி பேக்கன்தான் பின்னால் வாஷிங்டனில் லிங்கன் ஞாபக மண்டபத்தைக் கட்டினார். தூண்களைப் பார்த்தாலே அவர் எங்கே போய் வந்தார் என்று தெரிந்துவிடும்.

நம் பக்கத்தில் இதற்கு நேரான உதாரணம் இல்லை. ஏறத்தாழ வருவது ஒன்று உண்டு. 1864-ம் வருஷம் சென்னை சர்க்கார், பிரசிடென்ஸி காலேஜுக்கும் சர்வகலாசாலையின் செனட் மண்டபத்துக்கும் படம் கேட்டு ஒரு போட்டி வைத்தது. வங்காளத்து மராமத்து இலாகாவில் இருந்த ராபர்ட் பெல்லோஸ் சிஷோம் என்ற இளைஞர் ஜெயித்தார். பரிசாக அவருக்கு ரோமாபுரி கிடைக்கவில்லை. சென்னையில் உத்தியோகம் கிடைத்தது. முதலில் பிரசிடென்ஸி காலேஜ் எழுந்தது. 1870-ல் திறந்தார்கள். இத்தாலியச் சாயல் கொண்ட கட்டடம் அது. செனட் மண்டபத்தை எழுப்ப ஆரம்பித்ததோ 1874-ல். இடையில் நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது, இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுது பார்க்கும் வேலை சிஷோமுக்கு வந்தது. மதுரைக்குப் போனார். அந்தத் தூண்களையும் வளைவுகளையும் அளந்தார், வரைந்தார், லண்டன் கட்டடக் கலைஞர்களுக்காக அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். மதுரைதான் அவருடைய ரோமாபுரி என்று நான் சொல்லுவேன். கடற்கரையில் இப்போதும் போய்ப் பார்க்கலாம். ஒரே போட்டியில் ஜெயித்த ஒரே கைதான். பிரசிடென்ஸி காலேஜ் வேறு; மதுரையைப் பார்த்த பிறகு எழுந்த செனட் மண்டபம் வேறு. பின்னால் திருவனந்தபுரத்தில் மலையாளத்துச் சரிவுக் கூரை போட்டு நேப்பியர் மியூசியத்தையும் கட்டினார். 1880-ல் அது முடிந்தது.

அப்படியானால் நம் ஸ்தபதிகளை யார் அனுப்பினார்கள் என்று கேட்கலாம். கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போயிருப்பவர்கள் அங்கே தூணோடு தூணாக நிற்கும் வீரனையும் குறத்தியையும் பார்த்திருப்பார்கள். கல்லில் நரம்பு தெரியும். விரல் நகம் தெரியும். செய்தவர் பெயர் தெரியாது. நாயக்கர் காலத்து வேலை. அந்தக் கை திருநெல்வேலிச் சீமைக்குள்ளேயே இருந்து வந்த கையாக எனக்குத் தோன்றவில்லை. வேலை இருக்கும் ஊருக்கு நடந்து நடந்து, போன இடத்திலெல்லாம் பார்த்துப் பார்த்துப் படிந்த கை என்றுதான் நினைக்கிறேன். இது என் ஊகம். சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு விவரம் தெரிவதற்கு முன் நடந்தது இது. ஏதோ ஒரு ஸ்தாபனம் ஒரு ஞாபக மண்டபத்துக்குப் படம் கேட்டுப் போட்டி வைத்திருந்தது. முதல் பரிசு, ஆறு மாதம் வெளிநாட்டுப் பிரயாணம். படிப்புத் தகுதி கேட்கவில்லை. சித்தப்பா அப்போது கல்யாணமாகாதவர். ஆபீஸ் வேலை முடிந்து வந்து, கூடத்தில் பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, இரவு இரவாக வரைவார். குழந்தைகள் ஓடினால் மசி சிந்திவிடும் என்று என் அம்மா எங்கள் அக்காவைத் தூணில் கட்டிப்போட்டாளாம். படம் முடிந்தது. ஆனால் சர்க்கார் உத்தியோகஸ்தர் வெளிப் போட்டியில் கலந்துகொள்ள மேலதிகாரி ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். சித்தப்பா மனு எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி அதை மேஜை இழுப்பறையில் போட்டார். கடைசித் தேதிக்கு நான்கு நாள் கழித்து, "ஆட்சேபம் இல்லை" என்று எழுதி, தேதி போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தார். பகையா, மறதியா என்று சித்தப்பாவுக்குக் கடைசி வரையில் தெரியவில்லை. "மறதியாத்தான் இருக்கும். பகைன்னா எழுதியே குடுத்திருக்க மாட்டாரு" என்பார்.

அதன் பிறகு அவர் முப்பது வருஷம் மற்றவர்கள் கட்டும் மதகுகளையும் சிறு பாலங்களையும் வரைந்தார். ஓய்வு பெற்ற பின் தினமும் சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போய், தண்ணீர் எத்தனையாவது கல் வரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். வெளியூர்ப் பிரயாணம் என்று அவர் போனது, எனக்குத் தெரிந்து, என் தங்கை கல்யாணத்துக்குச் சென்னைக்கு வந்ததுதான். வந்த இடத்தில், முகூர்த்தம் முடிந்ததும், "ஏல, அந்த செனட் ஹவுஸ் எங்கன இருக்கு?" என்று கேட்டார். அழைத்துப் போனேன். கடற்கரை வெயிலில் நின்றுகொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். கையால் காற்றில் ஏதோ அளந்தார்.

சோனின் படம் இருந்த புத்தகத்தை அவர் எனக்குத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் காலமான பிறகு அவருடைய தகரக் குழலைத் திறந்தோம். டிரேஸிங் துணியில் வரைந்த ஞாபக மண்டபம் சுருண்டிருந்தது. மசி கொஞ்சமும் மங்கவில்லை. மண்டபத்துக்கு முன்னால் ஓர் ஓடையும், அதன் மேல் மூன்று வளைவுள்ள ஒரு சிறு பாலமும் போட்டிருந்தார். போட்டியில் அது கேட்கப்படவில்லை என்று நினைக்கிறேன். வளைவுகளுக்குக் கீழே, மெல்லிய புள்ளிக் கோடாக, வெள்ளம் வந்தால் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்திருந்தார்.